காலடிப்பேட்டை

"அண்ணே, இங்க நிறுத்துங்க."
மூணே மூணு வார்த்தை.
கல்மண்டபத்தில் ஷேர் ஆட்டோ ஏறியதுமே
ஒத்திகை ஆரம்பித்துவிடும்.
அகஸ்தியாவில் ஒரு தடவை,
டோல்கேட்டில் ஒரு தடவை
உதடு அசையாமல் சொல்லிப் பார்ப்பேன்.
அண்ணே சரியா, அண்ணா சரியா?
சத்தம் கொஞ்சம் தூக்கலாகிவிட்டால்
முன்சீட்டு ஆள் திரும்பிப் பார்ப்பானே.
அதற்குள் பேட்டை வந்து
பூக்கடை, மெட்ரோ தூண், எங்கள் சந்து முனை எல்லாம்
கண்ணெதிரே ஓடிப் போய்விடும்.

தேரடியில் யாராவது கட்டாயம் இறங்குவார்கள்.
அவர்கள் குரலைப் பிடித்துக்கொண்டு
நானும் இறங்கிக்கொள்வேன்.
அஞ்சு ரூபாய் கூடுதல்.
அப்புறம் வந்த வழியே நடை.
லேட்டாவதற்கு அம்மாவிடம்
வாக்கிங் என்று சொல்லி வைத்திருந்தேன்.
நல்லதுதான், கொஞ்சம் இளைப்பே என்றாள்.

மயிலாப்பூர்ப் பக்கம் காலேஜ். முதல் நாளே
"காலடிப்பேட்டையா? அப்ப சண்டைன்னா உன்னதான் கூப்பிடணும்"
என்று ஒருத்தி சிரித்தாள்.
மூன்று வருஷமும் அவளுக்கு
ஒரு பதில் யோசித்துக்கொண்டிருந்தேன்.
இன்னும் கிடைக்கவில்லை.

அம்மா எம்.சி. ரோட்டுத் துணிக்கடை வாசலில் நிற்பவள்.
வாக்கா, உள்ள வந்து பாருக்கா, பாக்கறதுக்குக் காசில்ல.
காலை பத்திலிருந்து ராத்திரி ஒன்பது வரை
சம்பளமே அந்தத் தொண்டைக்குத்தான்.
"உனக்கும் சேர்த்து நானே பேசித் தீர்த்துட்டேன் போல"
என்பாள், உப்பு வெந்நீரில் கொப்புளித்தபடி.

பாரிமுனையில் கூரியர் ஆபீஸ் வேலை கிடைத்தது.
ஃபோன் அடித்தால் எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.
"எம்மா, என் பார்சல் எங்கம்மா" என்றார் ஒருத்தர்.
ம் என்று வைத்துவிட்டு
பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.
பதினோரு நாள்.
பன்னிரண்டாம் நாள் பாய் சுருட்டவில்லை.

அப்புறம் மழை வந்தது, போனது.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
மணலிக் காற்று திரும்பினால் ஜன்னலைச் சாத்துவது,
துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும்
கன்டெய்னர் லாரிகளின் உறுமல்
எத்தனை மணிக்கு அடங்குகிறது என்பது.
தலை வாரவில்லை. பசிக்கிறதா என்றால்
யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.
அஃப்ரோஸ் நாற்பது வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாள்.
கடைசியில் பேச்சே இல்லை,
அவள் வீட்டு மிக்ஸி ஓடும் சத்தம் மட்டும்.
அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

எதிர்வீட்டு ரெஜினாக்கா தலையில் கை வைத்து ஜெபித்தாள்.
யாரோ எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார்கள்.
அதற்கு மேல் லாரி ஏறியதை
ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டான்லி ஓ.பி.யில் டோக்கன் அறுபத்தி நாலு.
என்ன பண்ணுதும்மா என்று கேட்பார்கள்,
தெரியும். அதனால் எழுதி எடுத்துப் போனேன்.
ரேஷன் பில்லின் பின்பக்கம், ஒரே வரி:
இறங்க முடியல.
டாக்டர் படித்தார். என்னைவிட
நாலைந்து வயதுதான் கூட இருக்கும்.
"எந்த ஸ்டாப்?"
"காலடிப்பேட்டை."
சொன்னது யார் என்று அம்மா திரும்பிப் பார்த்தாள்.

வரும்போது அவள் பக்கத்தில்.
என் மடியில் பதினைந்து நாள் மாத்திரை.
டோல்கேட் தாண்டியது. வாயைத் திறந்தேன்.
காற்றுதான் வந்தது.
அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
தெருவையே கூப்பிடும் அந்தத் தொண்டை
சும்மா இருந்தது.
பேட்டை போனது.

தேரடியில் பத்து ரூபாய் கூடக் கொடுத்து
இறங்கினோம்.
கொஞ்ச தூரம் ஒன்றும் பேசவில்லை.
"இதான் உன் வாக்கிங்கா?"
அவள் செருப்பு வார் வேறு பிய்ந்திருந்தது.
மெதுவாகத்தான் நடந்தோம்.